கைநாட்டு முதல் ஓடிபி வரை: பழவேற்காட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் எங்கே தொடங்க வேண்டும்?

“தம்பி, ஏதோ மெசேஜ் வந்திருக்கு, என்னன்னு பாருப்பா.” கடலோரக் குப்பங்களில் மட்டுமில்லை, நம்மில் பலர் வீட்டிலும் அன்றாடம் கேட்கும் வாக்கியம் இது. போனை வாங்கிப் பார்த்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய தகவல். கடலுக்குப் போக வேண்டாம் என்ற வானிலை எச்சரிக்கை. அல்லது, ‘உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த லிங்க்கை அழுத்தவும்’ என்ற மோசடி வலை.

படிக்கத் தெரிந்தவருக்கு இவை மூன்றும் வேறு வேறு. படிக்கத் தெரியாதவருக்கு மூன்றும் ஒரே ‘டிங்’ சத்தம்தான். ஒன்று சோறு போடும். ஒன்று உயிரைக் காக்கும். ஒன்று சேமிப்பைத் துடைத்தெடுக்கும். வயதானவர்களுக்கு எதற்குக் கல்வி என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் தேவையில்லை.

ஆனால் அடுத்த கேள்விதான் கடினம். அறுபதைக் கடந்த ஒரு மீனவரிடமோ, கூடை சுமந்து மீன் விற்கும் ஒரு பாட்டியிடமோ ‘அ, ஆ’ என்று தொடங்கினால் உட்காருவார்களா? உட்கார வைத்த அனுபவங்கள் நமக்கு இருக்கின்றன. தோற்ற அனுபவங்களும் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில், பழவேற்காடு எப்படிப்பட்ட இடம்?

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனையும் முகத்துவாரமும் தமிழ்நாட்டுப் பக்கம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் என்பதால் இறால், நண்டு, மடவை என்று ஏரிக்குள்ளேயே தொழில் நடக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் போன்ற ஊர்களின் பிழைப்பு இந்தத் தண்ணீரை நம்பித்தான். இருளர் பெண்கள் ஆழம் குறைந்த இடங்களில் இறங்கி, வெறும் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள்.

இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் வரும். அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் பங்கு. இதில் இடம் கிடைக்காத சமூகங்களின் மனக்குறையும் உண்டு, தகராறுகளும் நடந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு பொதுச் சொத்தைக் கிராமமே நிர்வகிக்கும் ஏற்பாடு என்ற வகையில் பாடு உலக அளவில் கவனம் பெற்றது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1991-ல் பழவேற்காட்டின் இந்த மரபுமுறை பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. எழுதியவர் செபாஸ்டியன் மாத்யூ.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாருடைய முறை எப்போது, எந்த இடத்தின் எல்லை எது, எந்தக் காற்றுக்கு எங்கே இறால் ஒதுங்கும் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் மனதில் வைத்திருந்தார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து ‘ஒன்றும் தெரியாதவர்’ என்ற எண்ணத்தோடு ஒரு வகுப்பைத் தொடங்கினால், அந்த வகுப்பு முதல் நாளே தோற்றுவிடும்.

அப்படியானால் எழுத்து ஏன் தேவை?

பணம் வரும் பாதை மாறிவிட்டது என்பதுதான் முதல் காரணம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான அரசு நிவாரணம் ரூ.8,000 குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒருவர் ரூ.1,500 கட்டினால் அரசின் பங்கும் சேர்ந்து ரூ.4,500 ஆகத் திரும்ப வரும். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ரூ.1,000, அதுவும் கணக்கில்தான். வீட்டுக்கு வரும் பணத்தில் கணிசமான பகுதி கையில் நோட்டாக வராமல் திரையில் எண்ணாக வருகிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரியாதவர், தன் பணத்தைப் பற்றி இன்னொருவரைக் கேட்டே ஆக வேண்டும். மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன், ஏ.டி.எம். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு புரியும். 1-ம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தம், எண் ஏற ஏற ஆபத்து, 11 என்றால் புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. எழுத்துத் தெரியாதவரும் ‘வாசித்த’ மொழி அது. இன்று அதே தகவல் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் வருகிறது. வேகம் கூடியிருக்கிறது, ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

மூன்றாவது, சுயமரியாதை. பொது இடத்தில் மை தடவி விரலை அழுத்தும் அந்த ஒரு நொடியைப் பற்றிப் பெரியவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்கள் முதலில் சொல்வது அதைப் பற்றித்தான்: “இனிமே மை வேணாம்.”

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். ஆண்களில் சுமார் 87, பெண்களில் சுமார் 73. இடைவெளி எங்கே என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இப்போது அரசுத் திட்டம் என்ன இருக்கிறது?

நடப்பில் இருப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ‘உல்லாஸ்’ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலம் 2022 முதல் 2027 வரை. மொத்த ஒதுக்கீடு ரூ.1,037.90 கோடி. ஆண்டுக்கு ஒரு கோடி பேர் வீதம் 5 கோடிப் பேருக்குக் கற்றுத் தருவது இலக்கு. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. தமிழ்நாட்டில் இதை நடத்துவது பள்ளி சாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம். இதற்கு முன் 2020-ல் தொடங்கிய ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கமும் இவர்கள் நடத்தியதுதான்.

இதில் ஐந்து பகுதிகள் உண்டு. அடிப்படை எழுத்தும் எண்ணும் ஒன்று. நிதி, டிஜிட்டல், சட்டம், உடல்நலம் போன்ற வாழ்க்கைத் திறன்கள் இரண்டாவது. தொழில் திறன், பள்ளிக்கு நிகரான அடிப்படைக் கல்வி, தொடர் கல்வி மற்றவை. சுமார் 200 மணி நேரப் படிப்பு. முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்குத் தலா 50 மதிப்பெண் என 150-க்குத் தேர்வு. தேறியவர்களுக்குச் சான்றிதழ்.

கவனிக்க வேண்டிய விஷயம், இதில் கற்றுத் தருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பக்கத்து வீட்டுப் பெண், யாராகவும் இருக்கலாம். இது திட்டத்தின் பலம், பலவீனமும் இதுவேதான். ஊரில் ஒருவர் மனது வைத்தால் வகுப்பு நடக்கும். அவருக்கு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால் நின்றுவிடும்.

2024 ஆகஸ்ட்டில் மத்தியக் கல்வி அமைச்சகம் எழுத்தறிவின் வரையறையையும் விரித்தது. புரிந்து படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றோடு டிஜிட்டல், நிதி சார்ந்த திறன்களும் இப்போது அதில் அடக்கம். அதாவது, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்ற காலம் ஏட்டளவிலாவது முடிந்துவிட்டது.

இது புது முயற்சியா?

இல்லை. 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1979-ல் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வங்கக் கடல் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. மீன்பிடித் தொழிலை மேம்படுத்த வந்த அந்தத் திட்டம், 1980-களில் தமிழ்நாட்டுக் கடல் மீனவர்களுக்கென்றே முறைசாராக் கல்வியை வடிவமைத்துப் பார்த்தது. எல்.எஸ்.சரஸ்வதியும் பி.நட்பிரச்சாவும் அதைப் பற்றி எழுதிய அறிக்கை 1986-ல் வந்தது. தலைப்பின் பொருள் ‘பகிர்ந்து கற்றலை நோக்கி’. மீனவருக்குக் ‘கற்பித்தல்’ என்று எழுதாமல் ‘பகிர்தல்’ என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற எல்லோருக்குமான பாடப்புத்தகத்தைக் கடற்கரைக்கும் கொண்டுபோய் நீட்டுவதில் பயனில்லை என்று நாற்பது ஆண்டுக்கு முன்பே புரிந்திருக்கிறது.

அதற்குப் பின் வந்த அலை, அறிவொளி இயக்கம். 1990-ல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. 1991-ல் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி ஓர் ஊர்த்திருவிழா போல நடந்தது. அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கும் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதும் பதில் தெரிந்தது. யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடிந்தவர், மாலை வகுப்புக்கும் தானாக வந்தார். கல்வி என்பது அன்றாட வாழ்க்கையில் எதையாவது இலகுவாக்க வேண்டும். இலகுவாக்கினால் ஆள் வருவார்.

அன்றைய சைக்கிளின் இடத்தில் இன்று இருப்பது ஸ்மார்ட்போன்.

எந்த வகுப்பு நிலைக்கிறது?

*நேரம்.* மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டம் பாங்கணே கிராமத்தில் 2016 மகளிர் தினத்தன்று ‘பாட்டிகள் பள்ளி’ ஒன்று தொடங்கியது. அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலான பெண்கள் இளஞ்சிவப்புச் சேலைச் சீருடையில் வந்தார்கள். வகுப்பு மதியம் 2 முதல் 4 வரை. சமையலும் வேலையும் முடிந்து கால் நீட்டும் நேரம் அது. பழவேற்காட்டிலும் கடிகாரம் அந்தந்த ஆளின் தொழிலுக்கேற்ப இருக்க வேண்டும். இரவு வலைக்குப் போனவர் காலையில் தூங்குவார். விடியலில் மீன் விற்கக் கிளம்புபவர் மதியம்தான் திரும்புவார். காலை 10 மணி வகுப்பு இருவருக்கும் உதவாது. தடைக்காலமோ கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் இரண்டு மாதம். 200 மணி நேரத்தில் பெரும்பங்கை அதற்குள் முடித்துவிடலாம்.

*சொல்.* பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு தந்து காட்டினார். அவர் எழுத்து வரிசையில் தொடங்கவில்லை. அந்த மக்களின் வாயில் அன்றாடம் புழங்கும், அவர்கள் விவாதிக்கத் துடிக்கும் சொற்களை எடுத்துக்கொண்டார். அவற்றை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளிலிருந்து புதுச் சொற்களை உண்டாக்க வைத்தார். பழவேற்காட்டுக்கு அப்படி ஒரு சொல்லைத் தேட வேண்டியதில்லை. ‘பாடு’ இருக்கிறது. இரண்டே எழுத்து. ஏரியில் அவர்களுக்குள்ள பங்கு அது. ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீன். ‘படாத பாடு’ என்றால் பட்ட கஷ்டம். அந்த ஒரு சொல்லைப் பலகையில் எழுதினால் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். அடுத்து வலை, படகு, இறால், முகத்துவாரம். அதற்குப் பிறகு ‘வரவு’, ‘இருப்பு’, ‘எச்சரிக்கை’.

*கண்ணாடி.* இதை யாரும் கல்வியாக எண்ணுவதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும்; கிட்டத்தில் இருப்பது மங்கும். ‘எனக்கு மண்டையில ஏறலப்பா’ என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, பல நேரம் கோளாறு கண்ணில்தான். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு எளிய கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து 2018-ல் வெளியான ஆய்வில், கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட அவர்களின் உற்பத்தி சுமார் 22 சதவீதம் கூடியது. கொழுந்து பறிக்கவே இவ்வளவு உதவினால், எழுத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டுமா? வகுப்பின் முதல் நாள் கண் பரிசோதனையாக இருக்கட்டும்.

*வயது பயம்.* “இந்த வயசுல போய் படிச்சு நான் என்ன கலெக்டரா ஆகப்போறேன்?” எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி. ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தன் 96-வது வயதில் கேரள எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார். எல்லோரும் அவராக வேண்டியதில்லை. வங்கிச் செய்தியில் தொகையை மட்டும் படிக்கத் தெரிந்தாலே ஒரு பெரியவருக்குப் பாதி விடுதலை.

எழுதப் படிக்க வராதவர்களை விட்டுவிடுவதா?

கூடாது. இதற்கு நல்ல முன்மாதிரி புதுச்சேரியில் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், இணையத்தில் வரும் அலை உயரத் தகவலை இறக்கி, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கணினியைத் தொடாத தாத்தாவுக்கும் கடற்கரையில் நின்றபடி இன்றைய அலை எவ்வளவு என்று தெரியும்.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்கு போன் போட்டார். அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் மக்கள் ஓடித் தப்பினார்கள். எழுத்து தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அந்தச் சில நிமிடங்களில் இல்லை. ஊர்க் கல்வி மையம் என்றால் கரும்பலகை மட்டும் போதாது, ஒலியும் வேண்டும். இன்றைய வாட்ஸ்அப் குரல் செய்தி அந்த ஒலிபெருக்கியின் வாரிசு.

யார் ஆசிரியர்?

பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973-ல் முதியோருக்கான ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ தொடங்கியது. அதில் பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்கு வந்தபோது ஒரு மாற்றம் செய்தார்கள்: சம்பள ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. தெரிந்த பெரியவர் தெரியாத பெரியவருக்குச் சொல்லித் தருவார். அடுத்த வகுப்பில் இடம் மாறிக்கொள்வார்கள்.

பழவேற்காட்டுக்கு இந்த வடிவம் பொருந்தும். ஆனால் இங்கே பரிமாற்றம் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே நடக்க வேண்டும். பேரன் கையில் போன் இருக்கிறது, ஏரி பற்றிய அறிவு குறைவு. தாத்தாவிடம் ஏரி இருக்கிறது, போன் இல்லை. முகத்துவாரம் எந்த ஆண்டுகளில் மண்மூடியது, எந்த இடத்தில் முன்பு என்ன மீன் கிடைத்தது, பாடு வரிசையில் எந்தத் தகராறு எப்படித் தீர்ந்தது என்பவை பெரும்பாலும் எழுதப்படாதவை. அந்தப் பெரியவர்கள் போய்விட்டால் அவையும் போய்விடும். நாளை ஏரியை ஒட்டி ஒரு திட்டம் வந்து, “இங்கே நீங்கள் மீன் பிடித்ததற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால், ஊர் காட்ட வேண்டிய ஆவணம் அதுதான்.

எனவே ஒரு மணி நேர வகுப்பைப் பாதியாகப் பிரிக்கலாம். முதல் அரை மணி, இளைஞர் பெரியவருக்கு எழுத்தும் போனும். அடுத்த அரை மணி, பெரியவர் பேச, இளைஞர் பதிவு செய்ய. பெரியவர் அங்கே பிச்சை கேட்டு வந்தவராக உட்கார மாட்டார். கொடுக்கவும் வந்தவராக உட்காருவார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊர்க்காரராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலேயே தொடங்கக்கூடியவை.

1. உல்லாஸ் செயலியில் தன்னார்வலராகப் பதிவு செய்யலாம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் கற்பவராகவும் பதியலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

2. போனை வாங்கி நீங்களே செய்து முடித்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும்; விரலும் அவருடையதாக இருக்கட்டும். நேரம் கூடுதலாகும். பரவாயில்லை.

3. முதல் பாடம் எண்கள். 0 முதல் 9 வரை தெரிந்தால் தொகை, தேதி, பஸ் நம்பர், கேஸ் பில் எல்லாம் திறக்கும்.

4. இரண்டாவது பாடம், இரண்டே விதி. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, வங்கி என்று சொன்னாலும். பணம் *வாங்க* யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது ‘பணம் அனுப்பறேன், பின் போடுங்க’ என்றால் அது திருட்டு.

5. ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். இந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முக்கியமாக, ஏமாந்தால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டு வாங்கும் பயத்தில் மறைப்பதால்தான் பல நேரம் பணம் கைமீறிப் போகிறது.

6. போனின் எழுத்து அளவைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, குரலில் தேடும் வசதியைக் காட்டிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

7. வாரம் ஒருமுறை அவர் பேச்சைப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். தொழில், காற்று, ஊர், எதுவானாலும் சரி. கோப்பின் பெயரில் தேதியும் தலைப்பும் இருக்கட்டும்.

200 மணி நேரத்தில் ஒருவர் நாவல் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் போகலாம். ஆனால் தன் கணக்கில் இருக்கும் தொகையைத் தானே பார்ப்பார். எச்சரிக்கை எது, மோசடி எது என்று பிரித்தறிவார். சீட்டில் தன் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று தானே படிப்பார். பாடு முறையையே உருவாக்கிக் காத்து வந்த மக்களுக்கு இதைக் கற்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், அவர்கள் சொல்லில், பக்கத்தில் பொறுமையாக ஒருவர் உட்கார வேண்டும்.